மறு ஆக்கத்தில் காதல்: இரண்டு ஷீ-ராக்களை முன்வைத்து

ஒரு கார்ட்டூன் தொடரை முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடி எடுக்கிறவர்கள், அதிலுள்ள காதலை என்ன செய்வது? வாள், மாளிகை, வில்லன், மந்திரம் எல்லாவற்றையும் புதுப்பிக்கலாம். அதற்குப் பெரிய எதிர்ப்பு வருவதில்லை. யார் யாரை விரும்புகிறார்கள் என்பதில் கைவைத்தால் மட்டும் பழைய ரசிகர், புதிய ரசிகர், பெற்றோர், விமர்சகர் என எல்லாத் தரப்பும் பேசத் தொடங்கிவிடுகின்றன. பழைய உறவுகளைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் ஒருபுறம். அன்று சொல்ல முடியாததை இன்று சொல்வதுதான் மறு ஆக்கத்தின் வேலை என்பவர்கள் இன்னொருபுறம். எழுத்தாளரின் விருப்பத்தைவிட ஒளிபரப்பு முறையே இதைத் தீர்மானிக்கிறது என்பது மூன்றாவது தரப்பு. காதலின் பெயரால் எதையெல்லாம் மன்னிக்கிறோம் என்று கேட்பவர்கள் நான்காவது தரப்பு.

இந்த வாதங்களை அளந்து பார்க்க 'ஷீ-ரா' நல்ல உரைகல். 1985இல் ஃபில்மேஷன் நிறுவனம் எடுத்த 'ஷீ-ரா: பிரின்செஸ் ஆஃப் பவர்', 2018 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஷீ-ரா அண்ட் த பிரின்செஸஸ் ஆஃப் பவர்' ஆகிய இரண்டிலும் கதை நடப்பது எத்தீரியா என்ற அதே கிரகத்தில். அடோரா என்ற அதே பெண், அதே வாள், எதிரில் ஹோர்ட் என்ற அதே படை. காதல் மட்டும் அடியோடு மாறியிருக்கிறது. ஒப்பிடத் தேவைப்படும் இடங்களில் 'செய்லர் மூன்', 'வோல்ட்ரான்' ஆகியவற்றையும் தொட்டுச் செல்வோம்.

1985: பொம்மைக்குப் பின் வந்த கதை

பழைய தொடரின் காதலைப் புரிந்துகொள்ள அது பிறந்த விதத்தை அறிய வேண்டும். 1983இல் வெளிவந்த 'ஹீ-மேன்' தொடர், மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளைச் சிறுவர்களிடம் பெருமளவில் கொண்டு சேர்த்தது. ரொனால்ட் ரீகன் ஆட்சியில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கான விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்த காலம் அது. பெண் குழந்தைகளுக்கும் ஒரு பொம்மை வரிசை வேண்டும் என்ற கணக்கில் ஹீ-மேனின் இரட்டைச் சகோதரியாக ஷீ-ரா உருவானாள். லாரி டிடில்லியோவும் ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கியும் அவளுக்கு உலகமும் கதையும் அமைத்தார்கள். தொடர் மொத்தம் 93 அத்தியாயங்கள் ஓடியது.

சீவி முடிக்க நீண்ட கூந்தல் கொண்ட இளவரசிகள் நிறைந்த அந்தப் பொம்மை வரிசையில் வில்லாளி போ ஆண். அவன் மார்பில் இதயச் சின்னம். யார் காதலன் என்று கடை அலமாரியே சொல்லிவிட்டது. ஆனால் திரையில் நடந்தது வேறு. போ தற்பெருமை பேசுகிறான், வலியப் பழகுகிறான், ஷீ-ராவை வியக்கிறான். அடோராதான் ஷீ-ரா என்பது கடைசிவரை அவனுக்குத் தெரியாது. அடோராவின் மனம் சற்றேனும் அசைவது கடற்கொள்ளையனாக இருந்து போராளிகளின் பக்கம் வந்த சீ ஹாக்கிடம்தான். அதுவும் சில அத்தியாயங்களில் தலைகாட்டும் மெல்லிய ஈர்ப்பு. அடுத்த கதையில் அதன் சுவடு இருக்காது.

கேட்ராவை மேட்டல் 'பொறாமை கொண்ட அழகி' என்று அறிமுகப்படுத்தியது. கார்ட்டூனில் அவள் முகமூடி அணிந்தால் சிறுத்தையாக மாறும் எதிரி. அடோராவும் ஹோர்டில் வளர்ந்தவள்தான். ஆயினும் இருவருக்கும் இடையே மனதில் தங்கும்படியான பழைய உறவு எதுவும் சொல்லப்படவில்லை. ஹோர்டின் சூனியக்காரி ஷேடோ வீவரின் மந்திரம் கலைந்ததும் அடோரா ஹோர்டை விட்டு வெளியேறுகிறாள். அங்கே அவள் இழந்துவிட்டு வந்ததாக ஒரு மனிதரும் இல்லை. 33 ஆண்டுகள் கழித்து வந்த மறு ஆக்கம் முழுவதும் இந்த ஒரு வெற்றிடத்திலிருந்துதான் முளைத்தது.

பழையதைக் காப்போர்

2018 ஜூலையில் புதிய ஷீ-ராவின் தோற்றம் வெளியானதும் இணையத்தில் பெரும் சண்டை மூண்டது. தோள் அகன்று, உடல் மெலிந்து, அரைக்கால் சட்டை அணிந்த இந்தப் பெண்ணிடம் பெண்மை இல்லை, அழகு இல்லை என்று ஒரு சாரார் குறைபட்டார்கள். பதின்பருவப் பெண்ணைப் பதின்பருவப் பெண்ணாக வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று மறுசாரார் பதில் சொன்னார்கள். உடையையும் உடலையும் பற்றியதாகத் தோன்றினாலும் இதன் அடியில் இருந்தது காதலைப் பற்றிய எதிர்பார்ப்புதான். நாயகி யாருடைய கண்ணுக்கு விருந்தாக வேண்டும், யாருக்குத் துணையாக வேண்டும் என்பதே அங்கே கேள்வி. இந்த வடிவில் அந்தத் தரப்பு வலுவானதல்ல. அசல் தொடரின் காதல் ஏற்பாடு மரபும் அல்ல, யாரோ ஒரு படைப்பாளியின் உள்ளுணர்வும் அல்ல. ஒரு வணிகத் திட்டத்தின் பக்கவிளைவு. அதைப் புனிதமாகக் கருத என்ன இருக்கிறது?

ஆனால் அதே தரப்புக்கு வலுவான இன்னொரு வடிவமும் உண்டு. அது அதிகம் பேசப்படவில்லை என்பது என் வருத்தம். பழைய அடோராவுக்கு யாரும் தேவைப்படவில்லை. போவின் புகழ்ச்சியும் சீ ஹாக்கின் ஆசையும் அவள் முடிவுகள் எதையும் மாற்றவில்லை. அவள் படை நடத்தினாள், தோழிகளைக் காத்தாள், தொடர் முடியும்போதும் தனியாகவே நின்றாள். 1980களின் சிறுவர் தொலைக்காட்சியில் ஜோடி சேராமலே முழுமையாக இருந்த நாயகி அரிது. இது எழுத்தாளர்களின் பெண்ணியத் துணிச்சலா, தொடரை முடிவில்லாமல் நீட்டிக்கும் உத்தியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டும் கலந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் அது ஒரு பேறு. மறு ஆக்கம் அதைக் கைவிட்டது என்ற குற்றச்சாட்டைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

முன்னேற்றக் கதையும் அதன் ஓட்டைகளும்

அதிகம் பேருக்குப் பிடித்த விளக்கம் இரண்டாவது தரப்புடையது. 2014 டிசம்பரில் 'த லெஜண்ட் ஆஃப் கோரா' தொடரின் கடைசிக் காட்சியில் கோரா, ஆசாமி என்ற இரு பெண்கள் கைகோத்து நடந்தார்கள்; அது காதல்தான் என்று படைப்பாளிகள் பிறகு எழுதி விளக்க வேண்டியிருந்தது. 2018 ஜூலையில் 'ஸ்டீவன் யூனிவர்ஸ்' ரூபிக்கும் சஃபையருக்கும் திருமணமே நடத்திவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'அட்வென்ச்சர் டைம்' நிறைவு அத்தியாயத்தில் இளவரசி பபிள்கம்மும் மார்சலினும் முத்தமிட்டுக்கொண்டார்கள். 2020 மே 15 அன்று வெளியான ஷீ-ராவின் இறுதிப் பருவத்திலோ நாயகி அடோராவும் எதிர்நாயகி கேட்ராவும் ஒருவருக்கொருவர் காதலைச் சொல்லி முத்தமிட, அந்தக் கணத்தில்தான் உலகமே காப்பாற்றப்படுகிறது. விளக்கவுரை தேவைப்பட்ட ஒன்று ஆறே ஆண்டுகளில் கதையின் உச்சமாக வளர்ந்துவிட்டது என்கிறது இந்தத் தரப்பு. மறு ஆக்கத்தை வழிநடத்திய என்.டி. ஸ்டீவன்சன், இந்த முடிவுக்கு நிர்வாகத்தின் இசைவைப் பெறுவது எளிதாக இருக்கவில்லை என்று நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். எனவே இதற்கான போராட்டம் உண்மையானது. 2021இல் தொடருக்கு, பால்புதுமையினருக்கான ஊடக அமைப்பான கிளாடின் விருதும் கிடைத்தது.

இந்த வரலாற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் 'பழையது ஊமை, புதியது வாய் திறந்தது' என்று அதைப் பொதுவிதியாக்கினால் இடறும். 'செய்லர் மூன்' அதற்கு நேர் எதிரான சாட்சி. 1992இல் தொடங்கி 200 அத்தியாயங்கள் ஓடிய டோயி நிறுவனத்தின் அனிமேயில் வில்லன்களான குன்சைட்டும் சோய்சைட்டும் காதலர்கள், இருவரும் ஆண்கள். நவோகோ தகேயுச்சியின் மூல மங்காவில் இல்லாத இந்தக் காதலைச் சேர்த்தது தொலைக்காட்சித் தொடர்தான். 2014இல் வந்த 'செய்லர் மூன் கிறிஸ்டல்' மங்காவுக்கு உண்மையாக இருப்பதைக் கொள்கையாகக் கொண்டதால் அந்தக் காதல் காணாமல் போனது. நாயகி உசாகி, மமோரு உறவிலும் கூட்டிக்கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய தொடர் பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கல்லூரி மாணவனை ஜோடியாக்கியது. கிறிஸ்டல் அவனை மங்காவில் உள்ளபடி பள்ளி மாணவனாக்கி வயது இடைவெளியைக் குறைத்தது. அது நல்ல திருத்தம். ஆனால் பழைய தொடர் 46 அத்தியாயங்களில் சண்டையும் சலிப்பும் நக்கலுமாக வளர்த்த உறவைக் கிறிஸ்டல் 14இல் முடித்துவிடுகிறது. முற்பிறவி விதித்தது என்ற ஒரே காரணத்தால் இருவரும் இணைகிறார்கள். பழகிப் பிடித்துப்போவதற்கு அங்கே நேரமில்லை.

செய்லர் மூன் இன்னொன்றையும் காட்டுகிறது. 1990களின் ஆங்கில டப்பிங்கில் சோய்சைட்டைப் பெண்ணாக்கினார்கள். பின்னர் வந்த பருவத்தில் ஹருகா, மிச்சிரு என்ற காதலியரை உறவுக்காரச் சகோதரிகளாக மாற்றினார்கள். 2014 முதல் வந்த புதிய ஆங்கில டப்பிங் இவற்றைத் திருத்தியது. அதற்கு மறு ஆக்கம் தேவைப்படவில்லை. மூலத்தில் இருந்ததை மறைக்காமல் விட்டாலே போதுமானதாக இருந்தது. காலம் எப்போதும் ஒரே திசையில் நகர்கிறது என்ற நம்பிக்கையை இந்த ஒரு தொடரே குலைத்துவிடுகிறது.

ஒளிபரப்பு முறைதான் காரணமா?

மூன்றாவது தரப்பு இன்னும் கறாரானது. 1985இல் தொடர்கள் உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்கப்பட்டு வாரத்தில் ஐந்து நாள் ஓடின. எந்த அத்தியாயத்தை எந்த வரிசையில் பார்த்தாலும் குழந்தைக்குப் புரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு கதையும் தொடங்கிய நிலைக்கே திரும்ப வேண்டும். காதலோ திரும்பிப் போகாத ஒன்று. சொன்ன காதலைச் சொல்லாததாக்க முடியாது. ஒரே நிலையில் நிற்க வேண்டிய கதையில் அதற்கு ஈர்ப்பு என்ற அளவுக்கு மேல் இடம் கிடைக்காது. புதிய ஷீ-ராவோ ஐந்து பருவங்களில் 52 அத்தியாயங்கள் கொண்ட ஒரே நெடுங்கதை. ஒரு பருவம் முழுவதும் ஒரே நாளில் வெளியாகும். முதல் பருவத்தில் விதைத்ததை ஐந்தாவதில் அறுக்கலாம்.

இந்த விளக்கம் பெரும்பாலும் பொருந்துகிறது. முதல் பருவத்தின் பதினொன்றாம் அத்தியாயத்தில் கேட்ராவும் அடோராவும் தங்கள் சிறுவயது நினைவுகளின் ஊடே நடக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம் என்று அன்று கொடுத்த வாக்கைக் கண்ணெதிரே காண்கிறார்கள். முடிவில், ஆதாரத்தைப் பற்றித் தொங்கும் அடோராவைக் கேட்ரா விழவிட்டுப் போகிறாள். இந்தக் காட்சியின் எடை, முந்தைய பத்து அத்தியாயங்களையும் வரிசையாகப் பார்த்தவருக்கே தெரியும். 1985இல் இதை எழுதியிருந்தாலும் அடுத்த நாள் கதை அதை மறந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் வடிவம் வழி திறக்கலாம், நடப்பதை உறுதிசெய்யாது. ஷீ-ரா தொடங்கிய அடுத்த மாதமே, 2018 டிசம்பரில், நெட்ஃபிளிக்ஸில் 'வோல்ட்ரான்: லெஜண்டரி டிஃபெண்டர்' முடிந்தது. அதே தளம், அதே ட்ரீம்வொர்க்ஸ், அதே 1980களின் மறு ஆக்கம், அதே தொடர்கதை வடிவம். அதில் ஷீரோ என்ற வீரனுக்கு ஆடம் என்ற காதலன் இருந்ததாக அந்த ஆண்டு ஜூலையில் அறிவித்தார்கள். ஆகஸ்ட்டில் வெளியான பருவத்தில் இருவரும் பிரிந்த காட்சி நினைவாக வந்தது. ஆடம் போரில் இறந்துபோனான். டிசம்பரின் கடைசிக் காட்சிகளில் ஷீரோ பார்வையாளருக்கு ஏறக்குறைய அறிமுகமே இல்லாத ஒருவரை மணந்துகொண்டான். இளவரசி அல்லூராவுக்கு இறுதிப் பருவத்தில் ஒரு காதல் கிடைத்தது, பிறகு அவளும் உயிர்த்தியாகம் செய்தாள். எல்லா வசதியும் இருந்தும் காதல் கதையோடு ஒட்டாமலே கிடந்தது. அதனால் ஷீ-ராவின் சாதனையை நெட்ஃபிளிக்ஸின் கணக்கில் எழுதுவது, செய்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

கேட்ராவை மன்னிக்கலாமா?

மறு ஆக்கத்தின் மீது எழுந்த விமர்சனங்களில் கனமானது நான்காவது தரப்புடையது. அதற்கு இன்றுவரை நிறைவான பதில் இல்லை.

கேட்ரா செய்தவற்றை அடுக்கிப் பார்த்தால் பட்டியல் நீளும். தன்னை விட்டுப் போனவள்மீது கொண்ட ஆத்திரத்தில், உலகமே சிதையும் என்று தெரிந்தும் மூன்றாம் பருவத்தில் விண்வாசலைத் திறக்கிறாள். அந்தச் சிதைவைத் தடுக்க அரசி ஏஞ்செல்லா தன்னை இழக்க நேர்கிறது. அவர் கடைசிவரை திரும்பி வரவில்லை. ஹோர்டில் உடனிருந்து தன்மேல் ஒருதலையாக அன்பு வைத்த ஸ்கார்பியாவைக் கேட்ரா விரட்டி விரட்டி அவமதிக்கிறாள். இப்படிப்பட்டவளுக்கு நாயகியின் காதல் பரிசாகக் கிடைப்பது, வதைக்கும் உறவைச் சகித்துக் காத்திரு, அன்பு ஒருநாள் அவரைத் திருத்தும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதாகாதா என்று இவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் காதல் எந்தப் பாலினருக்கு இடையே என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆண், பெண் கதையாக இருந்தாலும் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

தொடரின் பக்கம் நின்று சொல்லக்கூடிய பதில்கள் மூன்று. கேட்ராவின் கொடுமைக்கு வேர் இருக்கிறது: ஷேடோ வீவர் அடோராவைத் தூக்கிவைத்து, அதே கையால் கேட்ராவை ஒடுக்கி இருவரையும் வளர்த்தாள். பொம்மைப் பெட்டி 'பொறாமை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்ததைத் தொடர், பாரபட்சத்தில் வளர்ந்த ஒரு குழந்தையின் காயமாக விரித்தது. இரண்டாவது, அடோரா சகித்துக்கொண்டு காத்திருக்கவில்லை. மூன்றாம் பருவ முடிவில், செய்தது நீ, அதன் சுமையும் உன்னுடையது என்று கேட்ராவின் முகத்துக்கு நேரே சொல்லி விலகுகிறாள். மூன்றாவது, கேட்ராவின் திருத்தம் காதல் கைகூடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஐந்தாம் பருவத்தில் இறுதி வில்லன் ஹோர்ட் பிரைமின் கப்பலிலிருந்து அடோராவின் தோழி கிளிம்மரைத் தப்பவைக்கும்போது அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. தான் உயிரோடு மீள்வோம் என்றுகூட அவள் எண்ணவில்லை.

இவை நல்ல பதில்கள். ஆனாலும் ஓர் இடம் நெருடுகிறது. கிளிம்மரின் தாய் ஏஞ்செல்லா. அந்த இழப்பில் கேட்ராவுக்கு உள்ள பங்கைக் கிளிம்மரும் கேட்ராவும் நேருக்கு நேர் பேசித் தீர்க்கும் காட்சி ஒன்று தொடரில் இருந்திருக்க வேண்டும். தனிமைச் சிறையில் இருவரும் தயங்கித் தயங்கி நெருங்கும் காட்சி அழகானது. ஆனால் அது வேறு விஷயம். அங்கே இந்தக் கணக்கு தீரவில்லை. அடோராவிடம் கேட்கப்பட்ட மன்னிப்பு நமக்குக் கேட்டது. மற்றவர்களிடம் கேட்க வேண்டியதில் பெரும்பகுதி அவசரத்தில் நழுவிவிட்டது. காதலியின் மன்னிப்பு எல்லோருடைய மன்னிப்புக்கும் ஈடாகிவிட்டதோ என்ற ஐயம் நியாயமானதே.

சுற்றியுள்ள உறவுகள்

முதன்மைக் காதலை மட்டும் பார்த்தால் மறு ஆக்கத்தின் பாதி உழைப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். பழைய தொடரில் அரிதாக வந்துபோன நெடோசாவும் ஸ்பின்னரெல்லாவும் இங்கே மணமான தம்பதி. அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. போவுக்கு இரண்டு தந்தையர். அந்த அத்தியாயத்தின் சிக்கல் அவர்கள் இருவர் என்பதிலா என்றால், இல்லை. தான் போராளியானதை மகன் மறைத்ததுதான் சிக்கல். பழைய சீ ஹாக் அடோராவைச் சுற்றினான். புதிய சீ ஹாக் இளவரசி மெர்மிஸ்டாவின் அலுப்பையும் அன்பையும் ஒன்றாக வாங்கிக்கொள்கிறான். குறையுள்ளவன் என்று ஒதுக்கப்பட்ட ஹோர்ட் தலைவன் ஹோர்டாக்கை, குறைதான் அழகு என்று பார்க்கும் இளவரசி என்ட்ராப்டாவின் கதை எல்லாவற்றிலும் நுட்பமானது. அதற்குக் காதல் என்று பெயரிடாமலே விட்டது தொடரின் நல்ல முடிவுகளில் ஒன்று.

ஸ்கார்பியாவின் கைக்கிளை இங்கே தனிக் கவனத்துக்குரியது. தன் அன்புக்கு மதிப்பில்லாத இடத்தை விட்டு அவள் நான்காம் பருவத்தில் தானாகவே கிளம்பிப் போகிறாள். வதைக்கும் உறவில் தங்கியிரு என்று இந்தத் தொடர் சொல்கிறது என்பவர்களுக்கு, தொடருக்குள்ளேயே இருக்கும் வலுவான மறுப்பு அவள்தான்.

தீராதவை

மேற்சொன்ன தரப்புகளில் எதுவும் தனியாக முழு விடை தரவில்லை. காலம் மாறியது உண்மை. செய்லர் மூனைப் பார்த்தால் அது மட்டும் போதாது. வடிவம் மாறியதும் உண்மை. வோல்ட்ரானைப் பார்த்தால் அதுவும் போதாது. ஷீ-ராவில் நடந்ததைப் புரிந்துகொள்ள, கதைக்குள் காதல் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளதாகத் தோன்றுகிறது. பழைய தொடரில் காதலை நீக்கினாலும் 93 அத்தியாயங்களும் அப்படியே நிற்கும். புதியதில் அதை நீக்கினால் கதையே இல்லை. நான்காம் பருவ முடிவில் வாள் உடைந்த பிறகு அடோரா மீண்டும் ஷீ-ராவாக மாறுவது, விழுந்து கிடக்கும் கேட்ராவைக் காப்பதற்காக. சக்தி வாளிலிருந்து உறவுக்கு இடம்பெயர்ந்தது அங்கேதான்.

இதற்குக் கொடுத்த விலை சரியா என்பது திறந்த கேள்வி. தன்னை எப்போதும் பிறருக்காகத் தியாகம் செய்யப் பழகிய பெண், தனக்கென்று ஒன்றை விரும்பக் கற்பதுதான் புதிய அடோராவின் பயணம் என்றால், காதல் அவளை விடுவிக்கிறது. யாருமில்லாமலும் நிறைவாக நின்ற பழைய அடோராவை நினைத்தால், இன்னொரு நாயகியும் ஜோடிக்குள் அடங்கிவிட்டாள் என்றும் படிக்கலாம். இரண்டு வாசிப்புக்கும் சான்றுகள் உண்டு. என் சாய்வு முதலாவதன் பக்கம்.

இன்னொரு கேள்விக்குத் தொடருக்குள் விடை தேட வழியே இல்லை. இருவரும் காதலைச் சொன்ன சில நிமிடங்களில் கதை முடிந்துவிடுகிறது. கோபமும் பயமும் கைவிடப்பட்ட நினைவும் உள்ள இருவர் அன்றாடம் எப்படிச் சேர்ந்து வாழ்வார்கள், பழைய காயம் கிளறப்படும் நாளில் என்ன செய்வார்கள் என்பதை நாம் பார்க்கவில்லை. மன்னிப்பு தாங்குமா என்பது அங்கேதான் தெரியும். புதிய 'ஷீ-ரா' ஒரு காதல் உருவாவதை முழுமையாகக் காட்டிய தொடர். அந்தக் காதல் நிலைப்பதைக் காட்டும் வேலையை அது எடுத்துக்கொள்ளவில்லை.